நெடுந்தீவுக் கல்

எமது எழுதுமேசையின் மீது நெடுங்காலமாக ஒரு கல் இருந்துவந்தது. கைக்குள் அடங்கக்கூடிய சிறிய கல். அதன் ஒரு பக்கத்திலே வெண்சாந்து பூசப்பட்டிருந்த அடையாளம். மறுபக்கத்திலே தேன்கூட்டைப் போன்ற நுண்ணிய துவாரங்கள். இப்பகுதிக்காக வாரந்தோறும் நாம் எழுதும் தாள்கள் காற்றிலே பறந்துபோகாமற் காத்துவந்தது அதுவேயாகும். வீட்டுக்கு வருவோர் அதனைக் கையிலெடுத்துப் பார்த்து, "இஃது எங்கே கிடைத்தது?" என்று வினவுவர். "நெடுந்தீவுக் கோட்டையிலே" என்று நாமும் சற்றுப் பெருமையோடு விடையிறுப்பது வழக்கம்.

அண்மையில் எமது பேத்தியும் அதே வினாவைக் கேட்டாள். விடையைக் கேட்ட பின்னர் அவள் வாளாவிருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அம்மப்பா, கோட்டைக் கல் இங்கே இருந்தால், கோட்டையிலே அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?" என்று கேட்டாள். ஏழாந் தரத்திற் படிக்கும் பிள்ளையின் கேள்விக்கு எம்மிடம் விடை இல்லை.

கல் எம்மிடம் வந்த கதை பெருமைப்படத்தக்கதன்று. 1972 ஆம் ஆண்டு, நாம் உயர்தர வகுப்பிலே பயின்றுகொண்டிருந்த காலம். சுற்றுலாச் சென்ற மாணவர் முப்பது பேரும் கோட்டையினுள்ளே ஓடியாடினோம். கரித்துண்டாற் சுவரிலே பெயரெழுதினோம். திரும்பும்போது ஆளுக்கொரு கல்லைக் காற்சட்டைப் பையில் இட்டுக்கொண்டோம். ஆளுக்கொரு கல்லென்றால் முப்பது கல். ஆண்டுக்குப் பத்துச் சுற்றுலா என்று கொண்டால் முந்நூறு கல். இந்தக் கணக்கை நாம் இத்தனை ஆண்டுகளிலும் போட்டுப் பார்த்ததில்லை. அதனையும் பேத்தியே போட்டுக் காட்டினாள்.

நண்பர் சிலர் தத்தம் குடும்பங்களோடு நெடுந்தீவுக்குச் சென்று, அவ்வூர்ப் பெரியவரொருவரை வழிகாட்டியாகக் கொண்டு நடந்து பார்த்துவர ஒழுங்கு செய்திருந்தனர். நாமும் பேத்தியும் அவர்களோடு சேர்ந்துகொண்டோம். கல்லை ஒரு பழந்துணியிற் சுற்றிப் பைக்குள் வைத்தோம். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவது என்பது எமது எண்ணம். அது எத்துணை எளிதான காரியமென்று அப்போது நினைத்திருந்தோம்!

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணையூடாகப் புங்குடுதீவை அடைந்து, அதன் மேற்கு அந்தத்திலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலே படகேறவேண்டும். ஒரே துறையிலிருந்துதான் நயினாதீவுப் படகுகளும் புறப்படுகின்றன. நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோரும், நாகவிகாரைக்குச் செல்வோரும், நெடுந்தீவுக்கு அரிசி மூடைகளோடும் மண்ணெண்ணெய்க் கலன்களோடும் திரும்பும் ஊரவருமாக அத்துறை காலையில் ஒரு சந்தையாகவே காட்சியளிக்கின்றது. பங்குனி மாதமாகையாற் கடல் அமைதியாக இருந்தது. சோளகம் வீசத் தொடங்கிவிட்டால் இப்பிரயாணம் இவ்வாறிராது. நெடுந்தீவுக்கும் புங்குடுதீவுக்கும் இடைப்பட்ட கடலிலே, நீரோட்டங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தை 'ஏழாற்றுப் பிரிவு' என்று ஊரவர் அழைப்பர். அமைதியான நாளிலுங்கூட அவ்விடத்திலே படகு சற்றே சரிந்து நிமிர்ந்தது. முதன்முறை வந்த பிள்ளைகள் தத்தம் தாய்மாரைப் பற்றிக்கொண்டனர். ஊர்ப் பிள்ளைகளோ உறக்கத்திலிருந்து விழிக்கவுமில்லை.

இக்கடலைப்பற்றி எழுதும்போது ஒன்றைக் கூறாது விடுதல் முறையன்று. 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே சென்றுகொண்டிருந்த மக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அவர்களுக்கான நினைவிடம் மாவிலித்துறையில் உண்டு. எமது வழிகாட்டி எம்மை முதலிலே அங்குதான் அழைத்துச் சென்றார். தலையிற் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். ஒன்றுமே கூறவில்லை. பின்பு துண்டைக் கட்டிக்கொண்டு, "வாருங்கோ, வெயில் ஏற முந்திக் கோட்டையைப் பாத்திடுவம்" என்று முன்னே நடந்தார்.

அவர் எம்மிலும் இரண்டோ மூன்றோ வயது இளையவர். கல்வேலி கட்டும் குடும்பத்திலே பிறந்தவர். பிள்ளைகள் அவரை 'அப்பு' என்று அழைக்கத் தொடங்க, பத்து நிமிடங்களுக்குள் பெரியவர்களும் அவ்வாறே அழைக்கலாயினர். நடக்கத் தொடங்குமுன் அவர் ஒரேயொரு விதியை மட்டும் விதித்தார்.

"பிள்ளையள், கேள்வி எவ்வளவும் கேக்கலாம். படம் எவ்வளவும் பிடிக்கலாம். ஆனால் கல்லு எடுக்கப்படாது. சிப்பியும் எடுக்கப்படாது."

எமது தோளிலே தொங்கிய பை அவ்வேளையிற் சற்றுக் கனத்தது. பேத்தி எம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

நெடுந்தீவுக்குப் புதிதாகச் செல்வோரின் கண்ணிலே முதலிற் படுவன கோட்டையுமன்று, குதிரையுமன்று, கல்வேலிகளே. வீதியின் இருமருங்கிலும், வளவுக்கு வளவு, வயலுக்கு வயல், பனங்கூடல்களின் ஊடே, முருகைக்கற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி எழுப்பிய வேலிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரையிற் செல்கின்றன. சுண்ணாம்பு இல்லை, சீமெந்து இல்லை, களிமண்ணும் இல்லை. வெறும் அடுக்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிடுகுவேலியையும் பனையோலை வேலியையும் கண்டு பழகிய கண்களுக்கு இது வேறொரு தேசம் போலத் தோன்றும்.

"இஃது ஏன் விழுவதில்லை?" என்று ஒரு மாணவன் கேட்டான். அப்பு அவனை வேலியின் ஒரு பக்கத்திலே குந்தியிருக்கச் செய்து, மறுபக்கத்தைப் பார்க்கும்படி கூறினார். கற்களின் இடுக்குகளூடே வெளிச்சம் தெரிந்தது. காற்றை மறிக்கின்ற மதிலைக் காற்றுத் தள்ளும். காற்றுக்கு வழிவிடும் வேலியை அது தள்ளாது. ஒவ்வொரு கல்லும் தன் கீழுள்ள இரு கற்களின் மீது இருக்கவேண்டும். பெரிய கல் அடியிலும் வெளிப்புறத்திலும், சிறு கல் உள்ளேயும் செல்லவேண்டும். இவ்வளவுதான் சூத்திரம். ஆயின் கையிலெடுத்த கல்லை மீண்டும் கீழே போடாமல், அதற்குரிய இடத்தை எடுத்த மாத்திரத்திலே கண்டுகொள்ளும் கண் வருவதற்குப் பல ஆண்டுகள் செல்லும் என்றார். வேலி கட்டுவதற்கென்றே எவரும் கல் தேடிப் போனதில்லையாம். தோட்டஞ் செய்வதானாலும் புல் முளைக்க விடுவதானாலும் நிலத்தின்மேற் பரந்து கிடக்கும் கற்களைப் பொறுக்கி அகற்றியே ஆகவேண்டும். அகற்றிய கல்லை எங்கேனும் வைக்கவும் வேண்டும். ஆகவே எல்லையிலே அடுக்கினர். ஆடுமாடும் பயிரை மேயாது நின்றன. ஒரு வேலையிலே மூன்று காரியம்.

கல் என்று நாம் கூறினாலும் அது உண்மையிற் கல்லன்று. கடலடியிலே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் தம்மைச் சுற்றி அமைத்துக்கொண்ட சுண்ணாம்புக் கூடுகளே காலப்போக்கில் முருகைக்கல்லாகின்றன. வேலியிலுள்ள கற்களிலே உற்றுப் பார்ப்போர்க்கு நட்சத்திர வடிவங்களும், மூளையின் மடிப்புக்களைப் போன்ற கோலங்களும் தென்படும். நெடுந்தீவு நிற்பது சுண்ணாம்புப் பாறையின் மீது. அதிலே எழுந்த வீடும், வேலியும், கிணற்றுக்கட்டும், கோட்டையும் கடலுயிர்களின் எச்சங்களே. அக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினால் அக்கல்லையே இணைக்கும் சாந்தாகின்றது. இந்நாட்டின் கரையோர வலயத்திலே முருகைக்கல் அகழ்தல் 1988 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே, இன்று நெடுந்தீவில் நிற்கும் ஒவ்வொரு பழஞ்சுவரும் இனிக் கட்டப்படாத சுவராகும்.

போகும் வழியிலே, அரசாங்க அலுவலகங்களுக்கு அண்மையில், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஒன்று உண்டு. தூண்போன்ற அடித்தளத்தின் மேற் பல பொந்துகளோடு அமைந்த முருகைக்கற் கூடு. செய்தி கொண்டு செல்லும் புறாக்களை அதிலே வளர்த்தனர் என்பர். தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே அதனைப் படம்பிடித்த ஓர் இளைஞரைக் கண்டு அப்பு சிரித்துக்கொண்டார்.

கோட்டை கடற்கரையை ஒட்டி நிற்கின்றது. இரண்டு மாடிகளாக எழுந்த கட்டடம். கூரை எக்காலத்திலோ போய்விட்டது. சுவர்களின் தடிப்பு ஒரு மனிதன் கைகளை விரித்தாலே அளக்கக்கூடியது. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இதனை எழுப்பினர் என்றும், 1658 இல் யாழ்ப்பாணத்தை அவர்களிடமிருந்து பறித்த ஒல்லாந்தர் இதனைத் தம் பயனுக்கு எடுத்துக்கொண்டனர் என்றும் கூறுவர். போர்த்துக்கேயர் இத்தீவைத் தம் மொழியிலே 'பசுக்களின் தீவு' என்று அழைத்தனர். ஒல்லாந்தரோ யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். காரைதீவு 'ஆம்ஸ்டர்டாம்' ஆயிற்று. வேலணை 'லெய்டன்' ஆயிற்று. நெடுந்தீவு 'டெல்வ்ற்' ஆயிற்று. ஏனைய பெயர்கள் பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிட, இந்தவொரு பெயர் மாத்திரம் ஆங்கிலத்திலே இன்றுவரையில் நிலைத்துவிட்டது. ஊரவர் எக்காலத்திலும் நெடுந்தீவென்றே கூறிவந்தனர் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும்.

கோட்டைக்குள் நுழைந்ததும் நாம் எதைத் தேடினோம் என்று வாசகர்கள் ஊகித்திருப்பர். ஒரு சாளரம். அதன் ஓரத்திலே பெயர்ந்த சாந்து. அதிலே கைநீட்டி ஒரு கல்லை அசைத்து எடுத்த நினைவு எமக்குத் தெளிவாக இருந்தது. ஆனால் அங்கே ஒரு சாளரமன்று, பல சாளரங்கள். எல்லாவற்றின் ஓரங்களும் பெயர்ந்திருந்தன. எவ்விடத்திலும் ஒரு கல் அளவிலான குழி இருந்தது. எவ்விடத்திலும் எமது கல் பொருந்தும் போலவும் இருந்தது. பொருந்தாது போலவும் இருந்தது. கல்லைக் கையிலே வைத்துக்கொண்டு ஒரு குழியிலிருந்து மற்றொரு குழிக்குச் சென்றுகொண்டிருந்த எம்மை அப்பு பார்த்துவிட்டார்.

"ஐயா, என்ன அது கையிலை?"

மறைப்பதற்கு வழியில்லை. கூறினோம். 1972 என்பதையும் கூறினோம். பக்கத்திலே நின்ற பேத்தி, "முப்பது பேர்" என்று எடுத்துக்கொடுத்தாள்.

அவர் சினந்துகொள்ளவில்லை. கல்லை வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்தார். பின்பு சுவரின் நிழலிலே அமர்ந்துகொண்டார். "அந்த நாளையிலை சுற்றுலா வாற பொடியளுக்குக் கோட்டைக்கு வழி காட்டினால் அஞ்சு சதம் தருவினம். நானும் போறனான். கல்லு வேணுமெண்டால் ஆணியாலை கிண்டி எடுத்துக் குடுக்கிறது. அதுக்குப் பத்துச் சதம்." சற்றுநேரங் கழித்து, "உங்கடை கல்லும் நான் கிண்டினதோ தெரியேல்லை" என்றார்.

நாம் இருவரும் சிரித்தோம். ஆனால் இருவருக்குமே அது முழுச் சிரிப்பாக அமையவில்லை.

"சரி, இனி இதனை எங்கே வைப்போம்?" என்று கேட்டோம். ஏதேனும் ஒரு குழியிலே வைத்துவிட்டால் எமது மனப்பாரம் நீங்கிவிடும் என்று எண்ணினோம். அப்பு உடன்படவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கோட்டையை அளந்து படம் வரைய வந்தோருக்குத் தாம் நூல்பிடித்துக் கொடுத்ததாகவும், அவர்கள் ஒவ்வொரு சாளரத்தையும் பெயர்ந்த ஒவ்வோரிடத்தையும் கணக்கெடுத்ததாகவும் கூறினார். எங்கே எந்தச் சாந்து, எது முதலிலே கட்டியது, எது பின்னர் அடைத்தது என்பதையெல்லாம் கல் இருக்கும் இடத்தைக் கொண்டே அவர்கள் கண்டுகொள்வார்களாம். "இடந் தெரியாமல் கொண்டுபோய்ச் செருகினால், நாளைக்கு வாறவன் அதுவும் சரியெண்டு எழுதிப்போட்டுப் போவான். எடுத்தது ஒரு பிழை. இது ரண்டாவது பிழை."

அப்படியாயின் வழியிலுள்ள கல்வேலி ஒன்றிலே அடுக்கிவிடலாமே என்றோம். வேலி எந்நாளும் கட்டப்படுவதும் சரிவதும் மீண்டும் கட்டப்படுவதுமான பொருளல்லவா? அவர் கல்லின் சாந்துப் பக்கத்தைச் சுட்டிக்காட்டினார். சாந்து பூசிய கல் வேலியில் இருந்தால், இந்த வேலி கோட்டையை இடித்துக் கட்டியது என்று அவ்வீட்டுக்காரருக்குப் பழி வரும் என்றார். நாம் வாயடைத்துப் போனோம். கல் மீண்டும் துணிக்குள்ளும், துணி பைக்குள்ளும் சென்றது. தொன்மைச் சின்னங்களைச் சிதைப்பதும் அகற்றுவதும் குற்றமென்று கூறும் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது என்பதை இங்கே மாணவர்களுக்கு நினைவூட்டுகின்றோம். 1972 இல் அதனை நாம் அறியாதிருந்தோம் என்பது எமக்குச் சமாதானமாகாது.

நண்பகலிலே பெருக்கமரத்தின் கீழ்க் கட்டுச்சோறு உண்டோம். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் அராபிய வணிகரோடு வந்திருக்கவேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. மன்னாரிலும் இவ்வினத்து மரங்கள் உண்டு. அடிமரத்திலே உள்ளே சென்று நிற்கக்கூடிய ஒரு பொந்து இருக்கின்றது. உள்ளே வெறுமையான மரமாதலின் வளையங்களை எண்ணி வயது காண்பது இயலாத காரியம். அதன் பட்டையிலே, பெயர்களும் அம்பு துளைத்த இருதயங்களும் செதுக்கப்பட்டிருக்கக் கண்டோம். பிறரைக் குறைகூறும் தகுதி எமக்கில்லையாகையால் அதனைப்பற்றி மேலும் எழுதாது விடுகின்றோம். ஊரிலே 'வளரும் கல்' என்று ஒன்றைக் காட்டுவர். அது வளர்கின்றதோ இல்லையோ, அதனைப்பற்றிய கதை ஆண்டுதோறும் வளர்ந்துவருகின்றது என்பதில் ஐயமில்லை.

தீவின் பரப்பு ஏறக்குறைய 50 சதுரக் கிலோமீற்றர். முழுவதையும் ஒரு நாளிலே நடந்து பார்த்தல் இயலாது. ஆகவே உணவின் பின் முச்சக்கர வண்டிகளில் ஏறி மேற்குக் கரைக்குச் சென்று, அங்கிருந்து மீண்டும் நடந்தோம். அக்கரையிலே வட்டவடிவமான முருகைக்கற் கட்டடங்களின் அடித்தளங்கள் காணப்படுகின்றன. ஊரவர் இதனை 'வெடியரசன் கோட்டை' என்பர். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கப்பலேறி வந்த மீகாமனோடு வெடியரசன் இக்கடலிலே பொருதான் என்று, எம்மவரிடையே வழங்கும் 'கண்ணகி வழக்குரை' கூறுகின்றது. ஆய்வாளரோ இவை பண்டைய பௌத்த தூபிகளின் எச்சங்கள் என்பர். இரண்டையும் அப்பு கூறினார். ஒன்றைக் கூறும்போது மற்றொன்றைத் தாழ்த்தவில்லை. மணிமேகலையைப் படித்த எமக்கு, தமிழரிடையே பௌத்தம் தழைத்த காலம் ஒன்று இருந்தது என்பது புதுச்செய்தியன்று. இடிபாடுகள் யாருடையவை என்று இன்று எழும் சச்சரவுகளைக் கேட்கும்போது, வெயிலிலே நின்று இரண்டு கதைகளையும் ஒரே குரலிற் கூறிய அம்மனிதரைப் போன்றவர்கள் சற்று அதிகமாக இருந்திருக்கலாகாதா என்ற எண்ணம் எமக்கு உண்டாயிற்று.

குதிரைகளை அதன் பின்னரே கண்டோம். புல்வெளியிலே, தொலைவில், ஏழெட்டுக் குதிரைகள். நாட்டுக்குதிரை என்றும் மட்டக்குதிரை என்றும் கூறத்தக்க உருவம். போர்த்துக்கேயர் காலத்திலே கொணரப்பட்டு, ஒல்லாந்தர் காலத்திலே பண்ணை வைத்துப் பெருக்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் இவை என்பர். ஆங்கிலேயர் காலத்தின் தொடக்கத்திலும் நோலன் என்னும் படை அதிகாரியின் மேற்பார்வையிலே குதிரை வளர்ப்பு நடைபெற்றது. பின்பு பண்ணை கைவிடப்பட்டது, குதிரைகள் கைவிடப்பட்டன, லாயத்தின் தூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. யசமானர் எவருமற்ற இக்குதிரைகளைத் தீவுக்கு வெளியே கொண்டுசெல்லுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. 2015 ஆம் ஆண்டு யூன் 22 ஆம் நாள், தீவிலே 1,846 ஹெக்டேயர் நிலம், அஃதாவது மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்ட பகுதி, தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

பிரகடனம் குதிரைக்கு நிலத்தை அளித்தது, தண்ணீரை அளிக்கவில்லை. கடும் வறட்சி நிலவிய ஆண்டுகளிலே குதிரைகள் நீரின்றி மடிந்த செய்திகளை வாசகர்கள் பத்திரிகைகளிற் படித்திருப்பர். இத்தீவின் வாழ்வு முழுவதும் கிணற்றடியிலேதான் இருக்கின்றது. இங்கே ஆறில்லை, மலையில்லை, மாரிமழை ஒன்றே கதி. முருகைக்கல்லினூடே வடியும் மழைநீர் நிலத்தடியை அடையும்போது, அங்கே கடல்நீர் ஏற்கெனவே ஊறி நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்ததாகையால், பாலின்மேல் ஆடை போல அது உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரையில் நன்னீர் இருக்கும் என்பது ஏட்டுக்கணக்கு. இக்கணக்கைத் திருப்பியும் படிக்கவேண்டும். மேலே ஓரடி குறைந்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலெழும். ஆகையால் ஒரு கிணற்றிலே இயந்திரத்தை வைத்து ஒரேயடியாக இறைப்பவர், பக்கத்து வளவுக்காரரின் நீரையும் தம் பேரப்பிள்ளைகளின் நீரையும் சேர்த்தே உப்பாக்குகின்றார்.

சாராப்பிட்டியிலே பழங்காலத்துக் கிணறுகள் சில உள்ளன. குதிரைகளுக்கு நீர் வார்ப்பதற்காக ஒல்லாந்தர் காலத்திலே கட்டப்பட்டவை என்பர். அங்கே அப்பு தாமே வாளியை இறக்கினார். அதனை அடிவரையில் விடாது, நீரின் மேற்பரப்பிலே மெதுவாகச் சாய்த்து, பாதி வாளி மட்டுமே மொண்டு எடுத்தார். "கலக்கினால் கீழை நிக்கிறது மேலை வந்திடும்" என்றார். நாம் மேலே எழுதியுள்ள கணக்கையெல்லாம் அவர் அந்த ஒரு வாளியிலே கூறிவிட்டார். பிள்ளைகள் கைகளை ஏந்திக் குடித்தனர். சிறிது கரிப்பு இருந்தது. ஆயினும் தாகத்துக்கு இனித்தது. எஞ்சிய நீரைத் தரையிலே ஊற்றப்போன ஒரு சிறுவனைத் தடுத்து, அருகிலிருந்த கற்றொட்டியிலே ஊற்றச் செய்தார். இரவிலே குதிரைகள் வருமாம்.

கோட்டை கட்டினோர் போய்விட்டனர். லாயம் கட்டினோரும் போய்விட்டனர். கிணற்றையும் வேலியையும் மட்டும் ஊரவர் விடாது பேணிவந்தனர், அவை நாள்தோறும் வேண்டியிருந்தமையால். ஆனால் அப்புவுக்கு ஆண்மக்கள் இருவர். இருவரும் தீவில் இல்லை. வேலி கட்டப் பழகியோர் இன்று எத்தனை பேர் என்று கேட்டோம். அவர் ஒரு கையின் விரல்களை மடக்கத் தொடங்கி, நான்காவது விரலிலே நிறுத்திக்கொண்டார். எமது குழுவிலே வந்த மாணவன் ஒருவன் சரிந்து கிடந்த ஓர் இடத்தைக் காட்டி, தான் அடுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டான். கால்மணி நேரம் முயன்று ஆறு கற்களை அடுக்கினான். அப்பு வந்து நான்கை எடுத்துவிட்டு, "இந்த ரண்டும் நிக்கும்" என்றார். அவனுக்கு அதிலே எல்லையற்ற மகிழ்ச்சி.

மாலையிலே துறைக்குத் திரும்பினோம். படகு புறப்படுமுன் அப்பு எம்மைத் தனியே அழைத்தார். கல்லை மீண்டும் வீட்டுமேசைக்குக் கொண்டுபோகவேண்டாம் என்றார். யாழ்ப்பாணத்திலே தொல்பொருள் அலுவலகத்தாரிடம் ஒப்படைத்துவிடும்படியும், ஆனால் வெறுங் கல்லாகக் கொடாமல், எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது, யார் எடுத்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுக்கும்படியும் கூறினார். "நான் கிண்டிக் குடுத்தது எண்டும் எழுதுங்கோ" என்றார். அது நிச்சயமில்லையே என்றோம். "நிச்சயமில்லை எண்டும் எழுதுங்கோ."

படகு ஏழாற்றுப் பிரிவைக் கடக்கும் வரையிற் காத்திருந்து, பின்பு பேத்தியின் அப்பியாசக் கொப்பியிலிருந்து ஒரு தாளை வாங்கினோம். கல்லையே அதன்மேற் பாரமாக வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினோம். ஆண்டு: 1972. எடுத்தவர்: எமது பெயர். உதவியவர்: ஊர்ச்சிறுவன் ஒருவன், யாரென்று நிச்சயமில்லை. இடம் என்று எழுதி, 'கோட்டையின் உட்புறம், சாளரத்தின் இடப்பக்கம்' என்று எழுதினோம். சிறிது நேரம் யோசித்து, 'இடப்பக்கம்' என்பதை வெட்டினோம்.

"அம்மப்பா, எந்தச் சாளரம்?" என்று பேத்தி கேட்டாள்.

அதையும் வெட்டினோம்.